ஆனப்பாறையில் ஒரு தற்செயல்

கல்யாண விசாரணை என்றாலே பாகீரதிக்கு அருவருப்பு. பையன் குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய சிநேகம் ஏதாவது உண்டா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துக் கொடுக்கிற வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் உத்தியோகத்தை விட்டுவிட்டு, கிழக்கேகோட்டையில் ஒரு மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியபோது அவள் எதிர்பார்த்தது வேறு. படியேறி வந்ததெல்லாம் வருங்கால மாமனார்கள்.

அன்று காலையில் வந்தவள் கல்யாணப் பெண்.

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம், மாமி," என்றாள் சுப்ரியா. வலியசாலைக்காரி. டெக்னோபார்க்கில் வேலை. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். "மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணு விசாரிக்கணும்."

பாகீரதி முகத்தைச் சுளித்தாள். "குடிக்கறாரா?"

"இல்லை."

"வேற பொண்ணு?"

"அதெல்லாம் இல்லை, மாமி. நல்லவர்தான்."

"பின்னே என்னத்தை விசாரிக்கணும்?"

"நாங்க நெஜமாவே தற்செயலாத்தான் சந்திச்சோமான்னு."

மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த செல்வின் நாற்காலியோடு திரும்பினான். பாறசாலைக்காரன். ஒரு மலையாளப் பத்திரிகையில் நிருபராக இருந்து, ஆசிரியரிடம் வாய் நீண்டதால் வெளியே வந்தவன். இங்கே வந்த பிறகும் வாயின் நீளம் குறையவில்லை.

"மேடம், இது கொள்ளாமே, நல்லாருக்கே! இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் மாப்பிள்ளையச் சந்தேகப்பட்டாங்க. இவங்க தலைவிதியையே சந்தேகப்படுகாங்க."

"நீ சும்மா இரு," என்றாள் பாகீரதி. "நீ சொல்லும்மா."

சுப்ரியா சொன்னாள். அம்மா இல்லாத பெண். அப்பா பஞ்சாபகேசன்தான் வளர்த்தது. வரன் வரன் என்று அவர் துரத்த, யாரோ நாலு பேர் முன்னால் காபித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று இவள் மறுக்க, இரண்டு வருஷம் வீட்டில் இதே சண்டை. கொஞ்ச நாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தனியாக எங்காவது போய்வர வேண்டும் என்று ஆசை வந்தது. அப்பா குதித்தார். பெண்பிள்ளை ஒற்றைக்குப் போவதாவது என்றார். பேசாமல் இருந்தார். கடைசியில் பட்டினி கிடந்தார். இவள் அழுதாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்தான் இறங்கி வந்தார்.

"என் வாழ்க்கையிலே நான் ஜெயிச்ச முதல் சண்டை அது," என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது.

சாலைக் கடைவீதியில் 'தனிவழி' என்று ஒரு டிராவல்ஸ். தனியாகப் போகும் பெண்களுக்கென்றே நடத்துவது. மஹேஷ் என்பவர் உட்கார்ந்து முழுப் பயணத்தையும் திட்டம் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது, வழியில் எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கும், எந்த ஆட்டோ ஸ்டாண்டில் ஏமாற்றமாட்டார்கள், மழை வந்தால் அன்றைக்கு மாற்றாக எங்கே போகலாம், எதுவும் விடவில்லை. மனசுக்கு ஒரு டென்ஷனும் வேண்டாம், கால் நடந்தால் போதும் என்றார்.

"மாப்பிள்ளையை, சுமந்தை, முதல்லே ரயில்லே பார்த்தேன். பக்கத்து சீட்டு. அப்பறம் வயநாட்டிலே அதே ஹோட்டல். அவர் திட்டமெல்லாம் போடவே மாட்டாராம். பையைத் தூக்கிண்டு தோணின இடத்துக்குப் போவாராம். மலையேறும்போது, நான் கேட்காமலே இஞ்சி மிட்டாய் எடுத்துக் குடுத்தார். எனக்கு மலைப்பாதைன்னா குமட்டும். அது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு..."

"உன் மூஞ்சியைப் பார்த்திருப்பார்," என்றாள் பாகீரதி. "ஒரே ரயில், ஒரே ஊர்னா ஒரே ஹோட்டலும் நடக்கக்கூடியதுதான். இதுக்கெல்லாம் துப்பறிய வேண்டாம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் வர பயம் இது. ஆத்துக்குப் போ."

சுப்ரியா எழுந்தாள். வாசல் வரை போனவள் தன்னையே கேலி செய்துகொள்வதுபோல் சிரித்தாள்.

"நேத்திக்கு ஆபீஸ்லே ஒரே சிரிப்பு, மாமி. ஆனப்பாறை அருவிக்குப் போனேன், அங்கே அருவியே இல்லை, ரப்பர் ஷீட்டைப் புகை போடற கொட்டகைதான் இருந்ததுன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி விழுந்து விழுந்து சிரிக்கறா. ஆனப்பாறைன்னு ரெண்டு ஊராம். மஹேஷ் தப்பான ஊரை எழுதிட்டார். ஒரே நாத்தம், மாமி. மூக்கைப் பொத்திண்டு நிக்கறேன், எதிர்லே டீக்கடையிலே சுமந்த்! மூணாவது தடவை! இது விதின்னு அங்கேதான் சொன்னார்."

பாகீரதியின் கை மேஜை மேல் அப்படியே நின்றது.

"உன் பின்னாடியே வந்தாரா?"

"இல்லையே. நான் போறப்போ பாதி டீ குடிச்சிருந்தார்."

"உக்காரு," என்றாள் பாகீரதி.

சுப்ரியா உட்கார்ந்தாள்.

"அருவிக்கு ஆயிரம் பேர் வருவா. அங்கே பார்த்திருந்தா நானும் தற்செயல்னுதான் சொல்லுவேன். ஆனா, புகைக் கொட்டகையைப் பார்க்க எவன் வருவான்? நீ, மஹேஷ் தப்பா எழுதினதை நம்பிப் போனே. தோணின இடத்துக்குப் போற மனுஷன் உனக்கு முன்னாலேயே அங்கே வந்து டீ குடிச்சிண்டு இருந்தார்னா, அவரும் அதே தப்பை நம்பித்தான் வந்திருக்கணும்."

சுப்ரியா கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"மாப்பிள்ளை காப்பி அடிச்சிருக்காரு," என்றான் செல்வின். "அதுவும் தப்பான விடைய."

* * *

சாலைக் கடைவீதியில் காரை நுழைக்க முடியாது. பழவங்காடி பக்கம் நிறுத்திவிட்டுப் பாகீரதியும் செல்வினும் நடந்தார்கள். கருவாட்டு வாடையும் மிளகாய் நெடியும் மூக்கில் ஏறின. பாகீரதிக்கு அவை உறைக்கவில்லை. பாதுகாப்பு என்று நம்பி வருகிற பெண்களின் வழியை ஒருவன் ஆண்களுக்கு விற்கிறான் என்ற நினைப்பின் நாற்றம்தான் கூடவே வந்தது.

"நான் பையனோட அத்தை. என் மருமான் ஒரு பொண்ணு மேலே ஆசைப்படறான், அவ உங்க மூலமா எங்கேயோ போறா, அவ வழியைச் சொல்லுங்கோன்னு கேட்கப் போறேன். அவன் வாயைத் திறந்ததும் உன் போன்லே பதிவாகணும்."

"நான் யாரு? உங்க மகனா?"

"உன்னைப் பார்த்தா எவன் நம்புவான்? டிரைவர்."

"சம்பளத்தப் பார்த்தா அதும் நம்பமாட்டான், மேடம்."

'தனிவழி' ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே இருந்தது. ஏ.சி. அறை. சுவரெல்லாம் மலை உச்சிகளில் கையை விரித்து நிற்கும் பெண்கள். மேஜை ஓரத்தில் பெட்டிகளில் கட்டுவதற்கான ஆரஞ்சு நிறச் சீட்டுகள் கொத்தாகத் தொங்கின. மஹேஷுக்கு நாற்பது வயதிருக்கும். நெற்றியில் சந்தனம். பணிவான குரல். பாகீரதிக்கு மெத்தை நாற்காலியைக் காட்டினான்.

அவள் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமி, தப்பான இடத்துக்கு வந்திருக்கேள். ஒரு பொண்ணு எங்கே போறா, எங்கே தங்கறான்னு கண்ட ஆம்பளைக்குச் சொல்ற கம்பெனி இது இல்லை. நானும் ரெண்டு பொண்ணு பெத்தவனாக்கும். தயவுசெஞ்சு எழுந்து போயிடுங்கோ."

அவன் குரல் நடுங்கியது. நடிப்பில்லை. பொய்க் கிளெய்ம்களோடு இருபது வருஷம் பழகிய பாகீரதிக்கு அது தெரிந்தது. அவளுடைய கணக்கு அங்கேயே தவிடுபொடி ஆனது.

"மேடம், யோக்கியன்கிட்ட மாட்டிக்கிட்டோம்," என்று காதருகே முணுமுணுத்தான் செல்வின்.

பாகீரதி எழுந்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட வாயைத் திறந்தாள். கதவை அவளுக்காகத் திறந்து பிடித்த மஹேஷ் ஒரு கணம் தயங்கினான்.

"பையன் நல்ல இடமா, மாமி?"

"ரொம்ப நல்ல இடம்."

"அப்போ, முறையாப் பண்ணலாமே? பொண்ணோட அப்பாவை ஒரு நடை வரச் சொல்லுங்கோ. அவர் சம்மதிச்சா எல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"அப்பாவா? அவருக்கு இதிலே என்ன வேலை?"

மஹேஷ் கதவை மறுபடி சாத்தினான். நல்ல சரக்கை உள்ளே வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்காரனின் சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

"இந்தக் காலத்துப் பொண்ணுகள் பொண் பார்க்க வந்தா ஒத்துக்கறதா? தானாத் தேடிக்கணும்கறா. பெத்தவா என்ன பண்ணுவா பாவம்? அவாளே வரனைப் பார்த்து முடிவு பண்ணி என்கிட்ட வரா. நான் பொண்ணுக்கு ஒரு பயணம் போட்டுக் குடுக்கறேன். அதே வழியைப் பையனுக்கும் குடுக்கறேன். ரயில்லே ஒருதரம், ஹோட்டல்லே ஒருதரம், அழகான இடமாப் பார்த்து ஒருதரம். மூணு தடவை பார்த்தா, பொண்ணே விதிங்கறா. ஊருக்குத் திரும்பி வந்து அப்பாகிட்ட பயந்துண்டே சொல்றா. அப்பா கொஞ்சம் முறுக்கிண்டு, அப்பறம் சரிங்கறார். யாருக்கு என்ன நஷ்டம்?"

பாகீரதி கேட்டாள்: "பொண்ணு சந்தேகப்படமாட்டாளா? வரன் வரன்னு துரத்தின அப்பா, திடீர்னு தனியா ஊர் சுத்தப் போன்னா..."

"அங்கேதான் சாமர்த்தியம் இருக்கு!" மஹேஷ் மேஜையைத் தட்டினான். "போகச் சொல்லப்படாது. போகாதேன்னு சொல்லணும். முதல்லே எங்க விளம்பரம் அவ போன்லே வரும். ஆசை வந்துடும். அவ கேட்ட உடனே அப்பா எதிர்க்கணும். நன்னா எதிர்க்கணும். சண்டை போட்டு வாங்கின பயணத்தை எந்தப் பொண்ணும் சந்தேகப்படமாட்டா, மாமி. வலியசாலை மாமா ஒருத்தர், என்னமா நடிச்சார்ங்கறேள்! ரெண்டு நாள் பட்டினி. பொண்ணு கதவுக்கு வெளியிலே உக்காந்து அழறா, அசையலையே!"

"நெஜமாவே சாப்பிடலையா?"

"அது எப்படி? இங்கே வந்துடுவார். இதோ, இப்போ நீங்க உக்காந்திருந்தேளே, அந்த நாற்காலியிலே உக்காந்துதான் ரெண்டு நாளும் மசால் தோசை சாப்பிட்டார். 'பொண்ணு இன்னிக்கு ரொம்ப அழுதுடுத்து, இன்னும் ஒரு நாள்லே விட்டுக்குடுத்துடலாமா'ன்னு சிரிச்சுண்டே கேட்பார்."

அந்த மெத்தையின் சூடு தன் புடவையில் இன்னும் ஒட்டியிருப்பதுபோல் பாகீரதிக்கு இருந்தது. பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"அதிலே என் பக்கம் ஒரே ஒரு பிசகு," என்றான் மஹேஷ். "ஆனப்பாறைன்னு ரெண்டு ஊர் இருக்கறது தெரியாமப் போச்சு. பையன் கெட்டிக்காரன், சமாளிச்சுட்டான். அப்பறம் எல்லாம் சரியா இருக்கு. நாளைக்குக் காலம்பறகூட ஒரு பொண்ணு வடக்கே போற வண்டியிலே கிளம்பறா. பையன் கொல்லத்திலே ஏறறான். அடுத்த சீட்டு. ரெண்டே மாசத்திலே கல்யாணச் சாப்பாடு பாருங்கோ."

"பையனுக்கு வழி மட்டும்தான் குடுப்பேளா?"

"அவளைப் பத்தியும் நாலு விஷயம் வேண்டாமா? என்ன பிடிக்கும், எதுக்கு அழுவா, எதுக்குப் பயப்படுவா. அப்பாவே எழுதிக் குடுத்துடுவார். மலையேறினா குமட்டும்னு அந்த மாமா எழுதினதுதான் எத்தனை உபயோகமாச்சு!"

செல்வின் தெருவுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தான்.

"எல்லாம் இருக்கு, மேடம்."

"ஏதாவது சொல்லேன். எப்பவும் சொல்லுவியே."

"எனக்கு ஒரு தங்கச்சி உண்டு," என்றான் செல்வின். 

* * *

மத்தியானம் அதே மாடி அறையில் சுப்ரியா பதிவை முழுக்கக் கேட்டாள். சுமந்தைப் பற்றிய பேச்சு வந்த இடத்தில் அவள் அசையவில்லை. முடிந்ததும் கையை நீட்டி, தோசை வந்த இடத்தை மறுபடி ஒருதரம் கேட்டுவிட்டுப் போனை நிறுத்தினாள்.

"அப்பா சாப்பிடலைன்னு நானும் அந்த ரெண்டு நாள் சாப்பிடலை, மாமி," என்றாள்.

பாகீரதி, கிளெய்முக்காகத் தங்கள் கடைக்கே தீ வைத்தவர்களை, சாகாதவர்களைச் செத்ததாகக் காட்டியவர்களையெல்லாம் பார்த்திருக்கிறாள். அவர்கள் மேல் கோபம் வந்ததுண்டு. இந்த அளவுக்குக் குமட்டியதில்லை.

சுமந்துக்கு அங்கிருந்தே போன் செய்தாள் சுப்ரியா. ஒரே கேள்விதான் கேட்டாள். "அப்பா என்னைப் பத்தி எழுதிக் குடுத்தது இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

அந்தப் பக்கத்திலிருந்து, "சுப்ரியா, எப்படிப் பார்த்துண்டா என்ன? பிடிச்சது உண்மைதானே?" என்றது குரல்.

அவள் துண்டித்தாள். "மாமி, என்னோட ஆத்துக்கு வரேளா? நான் மட்டும் போனா என்னை அழவெச்சுடுவார்."

வலியசாலை வீட்டில் பஞ்சாபகேசன் பந்தல்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சிவந்த, மழுமழுவென்ற முகம். கூட வந்தது யார் என்று மகள் சொன்னதும் போனை வைத்தார். பதிவில் நாலு வாக்கியம் கேட்டதும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று பாகீரதி காத்திருந்தாள். எரிச்சல்தான் வந்தது.

"மஹேஷுக்கு வாய் ஓட்டை," என்றார். "சரி, என்ன கெட்டுப் போச்சு இப்போ? உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாளா? நீயாத்தானே வந்து பிடிச்சிருக்குன்னு சொன்னே? உன் இஷ்டப்படி நடக்கணும்னுதானே நான் இத்தனை சிரமப்பட்டேன்!"

"என் இஷ்டத்தையும் நீங்களே தயார் பண்ணிட்டேள், அப்பா."

"பெத்தவன் பண்ணாம வேற எவன் பண்ணுவான்?" அவர் பாகீரதி பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கோ, மாமி. நம்ம மனுஷா நீங்க. இதிலே என்ன தப்பு?"

நம்ம மனுஷா என்ற சொல் எச்சில்போலப் பாகீரதியின் மேலே வந்து விழுந்தது. "உங்க பொண்ணு உங்களுக்காகப் பட்டினி கிடந்தப்போ, நீங்க தோசை சாப்பிட்டுட்டு வாயைத் துடைச்சுண்டு ஆத்துக்கு வந்திருக்கேள். இதிலே தப்பு எங்கேன்னு தெரியலைன்னா, நான் சொல்லித் தெரியப்போறதில்லை."

சுப்ரியா நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினாள். அது சுலபத்தில் வரவில்லை. பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழற்றி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் சோபா மேல் வைத்தாள்.

"நாளைக்குக் கொல்லத்திலே ஒரு பையன் ஏறப்போறான்னு சொன்னாரே, மாமி," என்றாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "அந்தப் பொண்ணும் சண்டை போட்டு ஜெயிச்சிருப்பா."

* * *

மறுநாள் காலை தம்பானூர் ரயில் நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. செல்வின் ஒரு கோடியிலிருந்தும் சுப்ரியா மறு கோடியிலிருந்தும் பெட்டி பெட்டியாக ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். 'தனிவழி'யின் ஆரஞ்சுச் சீட்டு கட்டிய ஒரு சூட்கேஸை முதலில் கண்டுபிடித்தவன் செல்வின். அதன் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு பெண், கண்ணில் புது மை, மடியில் புதுத் தொப்பி.

"என்னைப் போகச் சொல்லாதீங்க, மேடம். நான் பேசப் போனா, தற்செயலா வந்த இன்னொரு ஆளுன்னு ஆயிரும்," என்றான்.

சுப்ரியாதான் ஏறினாள்.

பாகீரதி பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண், ஸ்ரீலக்ஷ்மி என்று பிறகு தெரிந்தது, முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள், கையை ஆட்டி ஏதோ மறுத்தாள். சுப்ரியா போனை அவள் காதில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கை மடியிலிருந்த தொப்பியைக் கசக்கத் தொடங்கியது. பாகீரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டு அழுக்கைக் காட்டிக் காட்டித்தான் அவள் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் அந்த முகம் மாறுவதைப் பார்க்க முடியவில்லை.

வண்டி ஊதியது. நகர்ந்தது.

"மேடம், அவங்க இறங்கல்ல!" செல்வின் இரண்டு பெட்டி தூரம் ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

பாகீரதியின் போன் அடித்தது.

"சுப்ரியா! இறங்கலையா நீ? டிக்கெட் இல்லை, மாத்துத் துணி இல்லை, எங்கே போறே?"

"தெரியாது, மாமி. இந்தத் தடவை யாரும் எழுதிக் குடுக்கலை." ரயில் சத்தத்தோடு அவள் குரல் வந்தது. பின்னால் இன்னொரு பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏதோ சொல்வதும் கேட்டது. "ஸ்ரீலக்ஷ்மி திரும்பி ஆத்துக்குப் போகமாட்டேங்கறா. பயணத்தை விடமாட்டாளாம். கொல்லத்திலே அந்தப் பையன் ஏறட்டும். அவன் சீட்டிலே நான் உக்காந்திருக்கேன்."